நாயைப் பத்தி ரெண்டு கேள்வி கேளுங்க, என் வியாதியைப் பத்தி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, இங்க கலிபோர்னியாவுல நம்ம ஊர் மளிகைக் கடையில ஒரு பொண்ணு நாயைக் கூட்டிட்டு வந்து பருப்பு வாங்கிட்டு இருந்துச்சு, கண்ணு நல்லா தெரியுது, கை கால் நல்லா இருக்கு, நாய் மேல மட்டும் சர்வீஸ் டாக்னு, அதாவது ஊனமோ வியாதியோ இருக்குறவங்களுக்கு உதவப் பழக்கின நாய்னு, எழுதின சட்டை, இதெல்லாம் ஏமாத்து வேலை, கடைக்காரங்க தைரியமா வெளிய போகச் சொல்லணும்னு. அந்தப் பொண்ணு நான் இல்ல. ஆனா நானும் அதே மாதிரிதான் கடைக்குப் போறேன், எனக்கும் கண்ணு நல்லா தெரியும், கை கால் நல்லா இருக்கு, என் கூடவும் ஒரு கருப்பு லாப்ரடார் வரும், பேரு மிளகு. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிடும், முடிஞ்ச வரைக்கும் வெட்டாம போடுங்க.

எனக்கு டைப் 1 டயாபடீஸ். ஸ்கூல் படிக்கும்போது திருச்சியில கண்டுபிடிச்சாங்க. நம்ம ஆளுங்ககிட்ட சுகர்னு சொன்னா உடனே அவங்க மாமாவுக்கு இருக்குற சுகர், அவங்க அப்பா சாப்பிடுற மாத்திரை, இதுதான் ஞாபகம் வரும், அது டைப் 2. இது அது இல்லைங்க. என் உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை எல்லாம் அழிச்சிடுச்சு, அதனால வெளியிலேர்ந்து இன்சுலின் போட்டாதான் உயிரோட இருக்க முடியும். சின்ன வயசுல நிறைய ஸ்வீட் சாப்பிட்டியாம்மான்னு இன்னைக்கும் கேக்குறாங்க, இனிப்பு சாப்பிட்டு வர்ற வியாதி இல்ல இது. பாகற்காய் ஜூஸ், வெந்தயம், நாவல் கொட்டைப் பொடின்னு சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா 1922 ஜனவரியில டொரொண்டோவுல லெனார்ட் தாம்ப்சன்னு ஒரு 14 வயசுப் பையனுக்கு முதல் தடவையா இன்சுலின் ஊசி போடுற வரைக்கும் இந்த வியாதி வந்த குழந்தைங்க பிழைச்சதே இல்ல, இதை மட்டும் அவங்க தெரிஞ்சிக்கிட்டா போதும்.

இன்சுலின் போடுறதுல என்ன பிரச்சனைன்னா கொஞ்சம் கூடிப் போனா சுகர் இறங்கிடும். எழுபதுக்கு கீழ போனா லோ, 54-க்கு கீழ போனா ஆபத்து, அதுக்கும் கீழ போயி யாரும் கவனிக்கலைன்னா ஃபிட்ஸ் வரும், மயக்கம் வரும், உயிரே போகலாம். சாதாரணமா சுகர் இறங்கும்போது உடம்பே சொல்லிடும், கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், பசிக்கும். என்னை மாதிரி ரொம்ப வருஷம் இன்சுலின்ல இருந்து அடிக்கடி லோ ஆனவங்க பல பேருக்கு அந்த எச்சரிக்கையே வராம போயிடும். எனக்கு அப்படி ஆகிடுச்சு. ஐம்பதுல இருப்பேன், பக்கத்துல இருக்குறவங்ககிட்ட சிரிச்சு பேசிட்டு இருப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, கொஞ்ச நேரத்துல பேச்சு குழறும், அப்புறம் நான் பேசுறது எனக்கே ஞாபகம் இருக்காது. வெளியில பார்த்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்குறதுதான் இந்த வியாதியோட ஆபத்தே, அதைத்தான் அந்த வாசகர் நான் நல்லா இருக்கேன்ங்குறதுக்கு ஆதாரமா எடுத்துக்குறாரு.

மிளகோட வேலை என்னன்னா என் சுகர் இறங்க ஆரம்பிக்கும்போதே என் மூச்சுலயும் வேர்வையிலயும் வர்ற வாசனை மாத்தத்தை பிடிச்சு எனக்கு சொல்றது. 2016-ல கேம்பிரிட்ஜ்ல நடந்த ஒரு சின்ன ஆய்வுல, சுகர் இறங்கும்போது மூச்சுல ஐசோப்ரீன்னு ஒரு ரசாயனம் கூடுதுன்னு பார்த்தாங்க, ஒருவேளை நாய்ங்க அதைத்தான் மோப்பம் பிடிக்குதோன்னு சொன்னாங்க, மனுஷ மூக்குக்கு அது எட்டாது. பழக்குறது எப்படின்னா, சுகர் லோவா இருக்கும்போது வாயில பஞ்சு வச்சு எச்சிலை ஊற வச்சு, அதை ஜிப் கவர்ல போட்டு தேதியும் அளவும் எழுதி ஃப்ரீசர்ல வைக்கணும். எங்க வீட்டு ஃப்ரீசர்ல துருவின தேங்காய் டப்பா பக்கத்துல அந்த கவர்தான் வரிசையா இருக்கும். அந்த வாசனை வந்தா காலால தொட்டு சொல்லணும், சொன்னா தின்பண்டம் கிடைக்கும், இதையே திரும்பத் திரும்ப, வீட்டுல, தெருவுல, பஸ்ல, சத்தமா இருக்குற இடத்துலன்னு மாத்தி மாத்தி மாசக்கணக்கா பழக்குவாங்க. அது கூடவே கீழ விழுந்த சாப்பாட்டை தொடக்கூடாது, குலைக்கக்கூடாது, வேற நாயைப் பார்த்தா இழுக்கக்கூடாது, மணிக்கணக்கா மேஜைக்கு அடியில சும்மா படுத்திருக்கணும். இப்படி ஒரு நாயை ஒரு அமைப்பு வளர்த்துப் பழக்கி குடுக்க பல்லாயிரம் டாலர் செலவாகும், காத்திருப்பும் வருஷக்கணக்குல இருக்கும், அதனால சொந்தமா ட்ரெய்னர் வச்சு பழக்குறவங்களும் நிறைய, சட்டப்படி அதுவும் செல்லும்.

கையில சுகர் அளக்குற சென்சார் ஒட்டிக்கலாமே நாய் எதுக்குன்னு கேப்பீங்க. சென்சாரும் ஒட்டியிருக்கேன், அதை விடச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா சென்சார் ரத்தத்துல அளக்கல, தோலுக்கு அடியில இருக்குற திரவத்துல அளக்குது, அதனால சுகர் வேகமா இறங்கும்போது அது சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். தூக்கத்துல அந்தக் கை மேலேயே படுத்துட்டா இல்லாத லோ காட்டி அலறும், போன் வேற ரூம்ல இருந்தா ப்ளூடூத் விட்டுப் போகும். எல்லாத்துக்கும் மேல, மூளைக்கு சுகர் போகாதப்போ புத்தி வேலை செய்யாது, அலாரம் அடிச்சா ஒரு விரலால அமுக்கிட்டு திரும்பிப் படுத்துருவேன், காலையில எனக்கு ஞாபகமே இருக்காது. மிளகு அப்படி விடமாட்டா, போர்வையை இழுப்பா, நான் எழுந்திருக்கலைன்னா கட்டிலை சுத்தி வந்து என் வீட்டுக்காரர் கையை முட்டி எழுப்புவா. நாய்ங்க எல்லாமே நூத்துக்கு நூறு சரியா சொல்லும்னு நான் சொல்லல, ஆராய்ச்சியிலயே சில நாய் நல்லா சொல்லுது சில நாய் நிறைய தப்பு பண்ணுதுன்னுதான் வந்திருக்கு. அதனாலதான் ரெண்டையும் வச்சிருக்கேன்.

ஆபீஸ்ல எப்படி இருக்கும்னு சொல்றேன். நான் அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறேன், மாசக் கடைசி கணக்கு முடிக்கிற நேரம் சாப்பாடு முன்ன பின்ன ஆகும், அப்பதான் லோ வரும். ஒரு மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போது மேஜைக்கு அடியிலேர்ந்து ஒரு கால் வந்து என் தொடையில விழுந்துச்சு, சென்சார்ல பார்த்தா 92, நேரா போகுது, நான் இன்னும் கொஞ்சம் பேசலாம்னு இருந்தேன், ரெண்டாவது தடவை காலை அழுத்தி வச்சு என் முகத்தையே பார்த்தா. விரல்ல குத்திப் பார்த்தா 66. குளுக்கோஸ் மாத்திரை நாலு வாயில போட்டேன், ஒண்ணுல 4 கிராம் இருக்கும், பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்கணும். யாருக்கும் ஒண்ணும் தெரியல, மீட்டிங் நடந்துக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு அவ இல்லைன்னா ஆம்புலன்ஸ் வந்திருக்கும், அடுத்த வாரம் ஹெச்ஆர்ல கூப்பிட்டு உன்னால இந்த வேலை பாக்க முடியுமான்னு பேச்சு வந்திருக்கும். நான் சம்பளம் வாங்கி வரி கட்டி குடும்பம் நடத்துறேன்னா அதுல மிளகுக்கு பங்கு இருக்குங்க.

ஆபீஸுக்கு நாயைக் கூட்டிட்டுப் போறதுக்கு நிறைய பேர் பயப்படுறாங்க, முக்கியமா விசாவுல இருக்குற நம்ம பசங்க. வியாதின்னு சொன்னா வேலை போயிடும்னு வாயே திறக்க மாட்டாங்க, மீட்டிங் நடுவுல பாத்ரூமுக்குப் போயி ஊசி போட்டுக்கிட்டு வர்றவங்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவுல 1990-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஏடிஏன்னு சொல்வாங்க, 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எந்த கம்பெனிக்கும் அது பொருந்தும், கலிபோர்னியா மாநிலச் சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தும், நீங்க சிட்டிசனா விசாவான்னு அதுல பாகுபாடு கிடையாது. முன்னாடி ஒரு ஓட்டை இருந்துச்சு. கண்ணாடி போட்டா நல்லா தெரியுற ரெண்டு இரட்டைச் சகோதரிங்க, பைலட் வேலை குடுக்கலைன்னு போட்ட வழக்குல, கண்ணாடியோ மருந்தோ சரி பண்ணிட்டா அதை கணக்குல எடுத்துதான் ஊனமா இல்லையான்னு பாக்கணும்னு 1999-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதை வச்சு சுகர், வலிப்பு இருக்குறவங்க பல பேரை நீ மருந்து சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கேன்னு கோர்ட்ல தள்ளிவிட்டாங்க. அப்புறம் 2008-ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தையே திருத்துச்சு, மருந்து இல்லாம அந்த ஆள் எப்படி இருப்பாருன்னுதான் பாக்கணும்னு. டயாபடீஸை பேர் சொல்லியே விதிகள்ல சேர்த்திருக்காங்க. வெளியில நல்லா இருக்குற மாதிரி தெரியுறதுங்குறது அளவுகோல் இல்லைன்னு இந்த நாட்டு பார்லிமெண்டே சொன்ன விஷயம் இது.

ஆபீஸ்ல மட்டும் ஹெச்ஆர் டாக்டர் லெட்டர் கேக்கலாம், அது நியாயம்தான், நானும் குடுத்தேன். என் பக்கத்து சீட்ல இருந்த ஒருத்தருக்கு நாய் முடின்னா அலர்ஜி, அவரை அதே ஃப்ளோர்ல தள்ளி வேற பக்கம் மாத்தினாங்க, அவருக்கும் கஷ்டம் இல்ல எனக்கும் கஷ்டம் இல்ல, இன்னைக்கும் நல்ல பழக்கம். எப்படி கேக்கணும், லெட்டர்ல என்ன இருக்கணும்னு தெரியாதவங்க ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்க தொழிலாளர் துறை பணத்துல நடக்குது, போன் பண்ணினா இலவசமா சொல்வாங்க. வேலையில இருக்குற நம்ம பிள்ளைங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு ஒரு தடவை பேசிப் பாருங்க.

ஆபீஸை விட கஷ்டமா இருக்குறது நம்ம இடங்கள்தான். சொல்றதுக்கு வருத்தமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை. ஒரு ஓட்டல்ல, பேர் வேண்டாம், உக்காந்து ஆர்டர் குடுத்த பிறகு முதலாளி வந்து, எல்லாரும் பாக்க, நாய் வந்தா இங்க சைவம் சாப்பிடுறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்கம்மா, வெளிய இருக்குற பெஞ்சில உக்காருங்க, பார்சல் தர்றேன்னாரு. நான் இன்சுலின் போட்டு முடிச்சாச்சு, இன்னும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல சாப்பாடு உள்ள போயாகணும், இல்லைன்னா இறங்கிடும், அதை எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட எப்படி விளக்குறது? வெளிய வந்து கார்ல உக்காந்து ஜூஸ் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். ஒரு பொங்கல் விழாவுல வாசல்லயே ஒரு வாலண்டியர் அண்ணா, மாடு கூட கூட்டிட்டு வருவீங்க போலன்னு சத்தமா சொல்லி சிரிச்சாரு, பின்னாடி வரிசையில இருந்தவங்களும் சிரிச்சாங்க, என் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு போயிடலாம்மான்னு சொன்னா. அவ அன்னைக்கு பரதநாட்டியம் ஆட வேண்டியவ.

அதைவிட என்னை அதிகமா வாட்டுறது ஒண்ணு இருக்கு. மிளகு வர்றதுக்கு முன்னாடி என் வியாதி என் வீட்டுக்குள்ள இருந்துச்சு, நான் யார்கிட்ட சொல்லணும்னு நினைச்சேனோ அவங்களுக்கு மட்டும் தெரியும். அம்மா இத்தனை வருஷமும் அதை மறைச்சு வச்சிருந்தாங்க, பொண்ணுக்கு சுகர்னு வெளிய தெரிஞ்சா யார் கட்டிக்குவாங்கன்னு சொந்தக்காரங்க கல்யாணத்துல எல்லாம் என்னை பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட வச்சாங்க, இன்சுலின் பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல துணி சுத்தி வச்சாங்க. நான் நாய் வாங்கப் போறேன்னு சொன்னப்போ அவங்க நாயைப் பத்தி ஒண்ணும் சொல்லல, எல்லாரும் ஏன்னு கேப்பாங்களேடின்னுதான் சொன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. பருப்பு அடுக்குக்கிட்ட நிக்கும்போது முன்ன பின்ன தெரியாத ஒரு மாமா, உனக்கு என்னம்மா, கண்ணா, காதா, மனசு சரியில்லையா? ஒரு ஆன்ட்டி, இந்த வயசுலயா, கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தைக்கும் வருமா? என் பொண்ணு பக்கத்துல நிக்குறா. சுகர்னு சொன்னா, சுகருக்கு எதுக்கு நாய், எனக்கும்தான் 30 வருஷமா இருக்கு. சொல்லலைன்னா, பாத்தியா சொல்ல மாட்டேங்குறா, ஏமாத்து. கண்ணு தெரியாதவங்க கையில இருக்குற நாயைப் பார்த்து யாரும் இப்படி விசாரணை வைக்குறதில்ல. வலிப்பு இருக்குறவங்க, போருக்குப் போயிட்டு வந்து மனசு உடைஞ்சவங்க, காது கேக்காதவங்க, என்னை மாதிரி இருக்குறவங்க, எங்க எல்லாருக்கும் நாய் பக்கத்துல வந்த நாள்லேர்ந்து எங்க உடம்பு ஊர் பேசுற விஷயமா ஆயிடுது.

இந்த நாட்டு சட்டம் இதை நல்லா யோசிச்சிருக்குங்க. ஒரு கடையோ ஓட்டலோ ஆஸ்பத்திரியோ, பாத்தா தெரியாத ஊனம் இருக்குறவங்க நாயோட வந்தா, அங்க வேலை செய்யுறவங்க ரெண்டே ரெண்டு கேள்விதான் கேக்கலாம். இந்த நாய் உங்க ஊனத்துக்குத் தேவையான சர்வீஸ் நாயா? இது என்ன வேலை செய்யப் பழகியிருக்கு? அவ்வளவுதான். உனக்கு என்ன வியாதின்னு கேக்கக் கூடாது, டாக்டர் லெட்டர் கேக்கக் கூடாது, கார்டு கேக்கக் கூடாது, எங்க செஞ்சு காட்டச் சொல்லுன்னு கேக்கக் கூடாது, நாய்க்குன்னு தனி காசு வாங்கக் கூடாது. நான் சொல்ல வேண்டிய பதிலும் ஒரே வரிதான், ஆமா, எனக்கு உடம்பு சரியில்லாம ஆகப் போகும்போது முன்கூட்டியே சொல்லும். முடிஞ்சது. சுகரா வலிப்பா இதயமான்னு அவங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல.

அந்த வாசகர் போலிங்க இருக்காங்கன்னு எழுதினது பொய் இல்ல. ஆன்லைன்ல காசு கட்டினா சர்டிபிகேட், ஐடி கார்டு, சட்டை எல்லாம் வீட்டுக்கு வரும், அதுக்கு சட்டத்துல எந்த மதிப்பும் கிடையாது, அப்படி ஒரு அரசாங்கப் பதிவேடே கிடையாது. நாய் சட்டை போட்டிருக்கணும்னும் சட்டம் சொல்லல, நான் போடுறது கூட்டத்துல யாரும் மிதிச்சிடக் கூடாதுன்னுதான். மனசுக்கு ஆறுதலா இருக்குன்னு வச்சிருக்குற நாய் வேற, அதுக்கு ஓட்டல் கடையில நுழைய உரிமை இல்ல, 2021 ஜனவரியிலேர்ந்து விமானத்துலயும் அதை சர்வீஸ் நாயா ஏத்திக்கணும்னு கட்டாயம் இல்ல, சர்வீஸ் நாய்க்கே ஏர்லைன்ஸ் அரசாங்க ஃபார்ம் கேக்கலாம். கலிபோர்னியாவுல தெரிஞ்சே பொய் சொல்லி சர்வீஸ் நாய்னு கூட்டிட்டு வந்தா ஆறு மாசம் வரை ஜெயில், 1,000 டாலர் வரை அபராதம். போலிங்க மேல எனக்கு இருக்குற கோவம் அவரை விட அதிகம், ஏன்னா பழகாத நாய் ஒண்ணு கடையில மிளகு மேல பாய்ஞ்சு கடிச்சா அவளால அதுக்கப்புறம் பயமில்லாம வேலை செய்ய முடியாம போகலாம், அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? ஆனா போலியைக் கண்டுபிடிக்குற வழி என் கை காலைப் பாக்குறது இல்லைங்க, நாயைப் பாக்குறது. குலைக்குதா, ஆளு மேல தாவுதா, அரிசி மூட்டை மேல கால் தூக்குதா, கூட்டிட்டு வந்தவங்க அடக்காம நிக்குறாங்களா, அப்படின்னா அது நிஜ சர்வீஸ் நாயாவே இருந்தாலும் வெளிய கொண்டு போகச் சொல்ல கடைக்காரருக்கு உரிமை இருக்கு, ஆளு மட்டும் திரும்ப வந்து வாங்கிட்டுப் போகட்டும். அந்த உரிமை போதாதா?

இன்னொரு பக்கம், சும்மா இருக்குற நாயோட வந்தவங்களை வெளிய அனுப்புனா கடைக்காரருக்குத்தான் நஷ்டம். கலிபோர்னியாவுல பாகுபாட்டைத் தடுக்குற அன்ரு சட்டப்படி ஒரு தடவைக்கு குறைஞ்சது 4,000 டாலர் குடுக்க வேண்டி வரலாம். நான் யார் மேலயும் கேஸ் போடல, போடுற எண்ணமும் இல்ல, நம்ம ஆளுங்க ராத்திரி பகலா உழைச்சு நடத்துற கடைங்க. ஹெல்த் டிபார்ட்மெண்ட் லைசென்ஸ் போயிடும்னு பயப்படுறாங்க, அந்தப் பயம் தேவையே இல்ல, வாடிக்கையாளர் சாப்பிடுற இடத்துக்கு சர்வீஸ் நாய் வரலாம், சமையல்கட்டுக்குத்தான் வரக் கூடாது. நாற்காலியில ஏறக் கூடாது, தட்டுல வாய் வைக்கக் கூடாது, ட்ராலியில உக்கார வைக்கக் கூடாதுன்னா அது சரி, நாங்களும் அதைத்தான் செய்யுறோம்.

நாய்னா நம்ம ஆளுங்களுக்கு இருக்குற பயம் எனக்கு நல்லாவே புரியும். ஊர்ல தெருநாய் கடிச்சு தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போட்டுக்கிட்ட கதை எங்க வீட்டுலயும் உண்டு, எங்க சித்தப்பா இன்னைக்கும் நாயைக் கண்டா தெருவுக்கு அந்தப் பக்கம் போவாரு. அந்த ஊசி போயி இப்ப கையிலதான் போடுறாங்க, ஆனா பயம் போகல, இந்தியாவுல வெறிநாய்க்கடியில இன்னைக்கும் ஜனங்க சாகுறாங்க, அதை யாரும் சின்ன விஷயம்னு சொல்ல முடியாது. பயமா இருக்குன்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னா நான் உடனே வேற வரிசைக்குப் போயிடுவேன், ஓட்டல்ல மூலை மேஜை குடுங்கன்னு நானே கேப்பேன். ஒரு பாட்டியம்மா கடையில மிளகைப் பார்த்து அப்படியே நின்னுட்டாங்க, நான் அவளைப் படுக்க வச்சேன், அவங்க பொன்னி அரிசி மூட்டை ஓரமா மெல்ல கடந்து போயிட்டு, திரும்பிப் பார்த்து நல்ல புள்ளைன்னாங்க. அவங்க எனக்கு என்ன வியாதின்னு கேக்கல. இந்தப் பெருந்தன்மை எல்லார்கிட்டயும் இருந்தா நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

கோயிலைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா அடுத்த வாரம் யாராவது கோயிலுக்குள்ளயும் நாயைக் கூட்டிட்டு வருவாங்க போலன்னு எழுதுவாங்க. மத அமைப்புகளுக்கு ஏடிஏ சட்டத்தோட பொது இட விதிகள் பொருந்தாது, கோயில் நிர்வாகம் என்ன சொல்லுதோ அதுதான். பைரவருக்கு வாகனமே நாய்தான்னு சொல்லி சண்டை போட நான் தயாரா இல்ல, சன்னிதிக்குள்ள கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசையும் இல்ல, வீட்டுக்காரர் வெளிய மிளகோட நிப்பாரு, நான் கும்பிட்டுட்டு வருவேன், அப்புறம் நான் நிப்பேன் அவர் போவாரு. பண்டிகை நாள்ல கோயில் ஹால்ல நாலஞ்சு மணி நேரம் நிகழ்ச்சி நடக்கும்போது மட்டும் பின்வரிசையில ஒரு ஓரம் குடுத்தா நல்லா இருக்கும்னு கமிட்டியில கேட்டிருக்கேன். தமிழ்ச் சங்கமும் சனிக்கிழமை தமிழ் வகுப்பும் அப்படி இல்ல, அது மத அமைப்பு இல்ல, பொது இடத்துல நடக்குது, அங்க சட்டம் பொருந்தும்.

நல்லது செய்யுறோம்னு நினைச்சு செய்யுற ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப பயம். குழந்தைங்க ஓடி வந்து தடவுறது, பெரியவங்க ச்சூ ச்சூன்னு கூப்பிடுறது, எனக்குத் தெரியாம மேஜைக்கு அடியில ஏதாவது போடுறது. கேசரியில இருக்குற உலர் திராட்சை கொஞ்சம் போனாலே நாய்க்கு சிறுநீரகம் கெடலாம், வடையில இருக்குற வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் விஷம். பாவம் பட்டினியா படுத்திருக்குன்னு பாயாசத்தைக் காட்டுறவங்களுக்கு இது தெரியாது. விஷயம் அது மட்டும் இல்ல, அவ கவனம் அவங்க பக்கம் போன அந்த ரெண்டு நிமிஷத்துல என் சுகர் இறங்கினா அவளுக்குத் தெரியாம போயிடும். வேலையில இருக்கும்போது அவளைப் பாக்காத மாதிரி இருங்க, பேசணும்னா என்கிட்ட பேசுங்க. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினதும் அவ சாதாரண நாய்தான், பந்து தூக்கிப் போட்டா ஓடுவா, என் பொண்ணு மடியில தலை வச்சு தூங்குவா. எங்க வீட்டுக்கு வாங்க, எவ்வளவு வேணா கொஞ்சுங்க.

ஊருக்குப் போகும்போது மிளகை கூட்டிட்டுப் போறதில்ல. 2024 ஆகஸ்ட்லேர்ந்து வெறிநோய் அதிகம் இருக்குற நாட்டுலேர்ந்து திரும்பி வர்ற நாய்க்கு அமெரிக்காவுல விதிகளை இறுக்கியிருக்காங்க, இந்தியா அந்தப் பட்டியல்ல இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடியே சான்றிதழ் எல்லாம் வாங்கி வைக்கணும். அது கூட சமாளிச்சுடலாம், ஆனா அங்க போயி எந்த ஓட்டல்ல, எந்த பஸ்ல அவளோட ஏற முடியும்? இந்தியாவுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை சேர்த்திருக்காங்க, சில பரம்பரை ரத்த நோய்ங்க, பார்க்கின்சன், மனநோய்னு கண்ணுக்குத் தெரியாதது பலதும் அதுல வந்திருக்கு, அது பெரிய விஷயம், ஆனா டைப் 1 அதுல இல்ல. அதனால திருச்சி போனா ராத்திரி முழுக்க அம்மா என் பக்கத்துல உக்காந்து மணிக்கொரு தரம் விரல்ல குத்திப் பாக்குறாங்க, அவங்களுக்கு வயசாகுது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. மேல சொன்ன ரெண்டு கேள்வியை மட்டும் தனியா கட்டம் கட்டி பெரிய எழுத்துல போடுங்க, கடைக்காரங்க வெட்டி கல்லாப்பெட்டிகிட்ட ஒட்டிக்கட்டும், புதுசா வேலைக்கு வர்ற பசங்களும் படிக்கட்டும். சந்தேகம் இருக்குற முதலாளிங்க நீதித்துறையோட ஏடிஏ உதவி எண் 800-514-0301-க்கு கூப்பிட்டு கேக்கலாம், பேர் ஊர் சொல்ல வேண்டியதில்ல, காசும் கிடையாது. தமிழ்ச் சங்கத்துக்காரங்க சித்திரைத் திருவிழா அழைப்பிதழ் அச்சடிக்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் நாய் வரலாம்னு ஒரு வரி சேர்த்துடுங்க, வாசல்ல நிக்குற வாலண்டியருக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க. என் பொண்ணு இந்த வருஷம் ஆடுறா, நானும் மிளகும் பின்வரிசையில உக்காந்து பாக்க வர்றோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா